கட்சிக்கு ஒரு வெயில்: அமெரிக்கக் காலநிலைக் கருத்துக்கணிப்பைப் படிப்பது எப்படி

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருடத்துக்கு இரண்டு முறையாவது ஒரே சண்டை வரும். கலிபோர்னியாவில் இருக்கும் சித்தி மகள் ஒரு கருத்துக்கணிப்புப் படத்தைப் போடுவாள். ஜனநாயகக் கட்சியின் நீலக் கம்பி உச்சியில் நிற்கும், குடியரசுக் கட்சியின் சிவப்புக் கம்பி பாதிக்கும் கீழே கிடக்கும், அடியில் "இவங்களை வச்சுக்கிட்டு என்ன செய்யறது?" என்று ஒரு வரி இருக்கும். டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் எண்ணெய்த் தொழிலில் இருபது வருடம் ஓட்டிய என் அத்தான் அரை மணி நேரத்தில் வந்து "அப்ப நான் படிக்காதவனா?" என்று கேட்பார். அதற்குள் பெரியப்பா யாருக்கும் சம்பந்தமில்லாத ஒரு காலை வணக்கப் பூவை அனுப்பிச் சபையைக் கலைத்துவிடுவார்.

இந்த இருவரில் யார் சரி என்று நான் சொல்லப்போவதில்லை. பூமி சூடாகிறது, அதற்கு முதன்மைக் காரணம் நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும்தான், அறிவியலில் அதற்கு மேல் விவாதம் இல்லை. எனக்குச் சிக்கலாகத் தெரிவது அந்தப் படம். வேலை காரணமாகக் கருத்துக்கணிப்பு அட்டவணைகளோடு கொஞ்சம் பழக்கம் உண்டு, அதனால் சொல்கிறேன், இந்த மாதிரிப் படத்தைச் சும்மா பார்த்தால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அமெரிக்காவை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த நோய் அங்கேதான் முற்றியிருக்கிறது.

கம்பியைப் பார்க்காதே, கேள்வியைப் பார்

முதல் வேலை, கேட்ட கேள்வி என்ன என்று தேடுவது. படத்தில் பெரும்பாலும் இருக்காது. கணிப்பு நடத்திய நிறுவனத்தின் தளத்துக்குப் போனால் கேள்வித்தாள் அப்படியே கிடைக்கும். நாலு பக்கம் தள்ளினால் போதும்.

ஏன் அவ்வளவு முக்கியம்? 2011இல் ஷுல்ட், கொன்ராத், ஷ்வார்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே கேள்வி, பாதிப் பேரிடம் "புவி வெப்பமாதல்" உண்மையா என்றும், மீதிப் பாதியிடம் "காலநிலை மாற்றம்" உண்மையா என்றும் கேட்டார்கள். ஜனநாயகக் கட்சியினர் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பதில், 87, 86 சதவீதம். குடியரசுக் கட்சியினரோ "புவி வெப்பமாதல்" என்றபோது 44 சதவீதம், "காலநிலை மாற்றம்" என்றபோது 60 சதவீதம். இரண்டு சொல்லை மாற்றியதில் பதினாறு புள்ளி நகர்ந்துவிட்டது, இவ்வளவுக்கும் வானத்தில் ஒன்றும் மாறவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குடியரசுக் கட்சிக்கு ஆலோசகராக இருந்த ஃபிராங்க் லுன்ட்ஸ் 2002 வாக்கில் எழுதிக் கொடுத்த ஒரு குறிப்பில், "புவி வெப்பமாதல்" என்பது பயமுறுத்துகிறது, "காலநிலை மாற்றம்" என்றால் அவ்வளவு பயம் வராது, அதையே சொல்லுங்கள் என்று யோசனை சொன்னார். அந்த மனிதரே பிற்பாடு மனம் மாறி, நான் அன்று சொன்னது தவறு என்று செனட் குழு ஒன்றின் முன் பேசினார் என்பது தனிக்கதை.

சொல் மட்டுமில்லை, கேள்வியின் வகையும் வேறு வேறு. பூமி சூடாகிறதா என்பது ஒன்று. மனிதனால்தானா என்பது இன்னொன்று. கவலைப்படுகிறீர்களா, உங்கள் வாழ்நாளிலேயே பாதிக்குமா, அரசு ஏதாவது செய்ய வேண்டுமா, அதற்காக மின்கட்டணம் கூடினால் சம்மதமா, வாக்குப் போடும்போது இதை யோசிப்பீர்களா... ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி இடைவெளி இருக்கும், ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. "நடக்கிறதா" என்பதில் இடைவெளி குறைவாக இருக்கும். "மனிதனாலா" என்றதும் அகலும். "நாட்டின் முதல் பத்துப் பிரச்சினைகளில் இதற்கு எந்த இடம்" என்றால் இரண்டு கட்சியும் இரண்டு கிரகத்தில் இருக்கும். சூரியமின் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கலாமா என்று கேட்டால் மொத்த அமெரிக்கர்களில் நான்கில் மூன்று பேர் அளவுக்குத் தலையாட்டுவார்கள், அதில் குடியரசுக் கட்சியினரும் கணிசமாக இருப்பார்கள். சித்தி மகள் போடும் படம் எப்போதும் மிக அகலமான இடைவெளியுள்ள கேள்விதான், அதுதானே பரவும்.

கூடையில் யார் இருக்கிறார்கள்

சரி, கேள்வி தெரிந்துவிட்டது. "குடியரசுக் கட்சியினர்" என்று படத்தில் போட்டிருக்கிறதே, அது யார்? நம்மூர்போல உறுப்பினர் அட்டை, வட்டச் செயலாளர், கரைவேட்டி எல்லாம் அங்கே யோசிக்காதீர்கள். தொலைபேசியிலோ இணையத்திலோ "நீங்கள் உங்களை எந்தக் கட்சிக்காரராக நினைக்கிறீர்கள்" என்று கேட்டதற்கு அந்த ஆள் அன்று சொன்ன பதில், அவ்வளவுதான். கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்கில் 2023இல் 43 சதவீதம் பேர் தங்களை எந்தக் கட்சியும் இல்லை என்று சொல்லிக்கொண்டார்கள். அதில் பெரும்பாலோரிடம் "சரி, எந்தப் பக்கம் சாய்வு" என்று மறுபடி கேட்டால் ஒரு பக்கத்தைச் சொல்லிவிடுவார்கள். சில நிறுவனங்கள் இந்தச் சாய்வுக்காரர்களையும் கட்சிக் கணக்கில் சேர்க்கும், சில சேர்க்காது. சேர்க்காவிட்டால் தீவிரமானவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள், இடைவெளி பெரிதாகத் தெரியும். இரண்டு நிறுவனத்தின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஐந்தே மாதத்தில் இவ்வளவு மாற்றமா" என்று கூவுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

அப்புறம் பிழை வரம்பு. ஆயிரம் பேரிடம் கேட்டால் மொத்த எண்ணிக்கைக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி அப்படி இப்படி இருக்கலாம் என்று அடியில் போட்டிருப்பார்கள். அந்த ஆயிரத்தில் குடியரசுக் கட்சியினர் முந்நூறு பேர்தான் என்றால் அவர்களுக்கான வரம்பு ஏறத்தாழ ஆறு. போன வருடம் 38, இந்த வருடம் 42 என்றால் கொண்டாடவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நான் பார்ப்பது கட்சிக்குள் உள்ள பிளவை. ப்யூ ஆய்வு மையம் குடியரசுக் கட்சியினரைப் பழமைவாதிகள் என்றும் மிதவாதிகள் என்றும் பிரித்துப் போடும், வயதுவாரியாகவும் போடும். அந்த அட்டவணையைப் பார்த்தால் இளைய குடியரசுக் கட்சிக்காரர்கள் தங்கள் கட்சிப் பெரியவர்களைவிட இந்த விஷயத்தில் தெளிவாகத் தள்ளி நிற்பது தெரியும். யேல் பல்கலைக்கழகமும் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2008 முதல் கட்சியை ஓரமாக வைத்துவிட்டு மக்களை ஆறு வகையாகப் பிரிக்கின்றன: பதறுகிறவர்கள், அக்கறை உள்ளவர்கள், தயங்குகிறவர்கள், ஒட்டாமல் இருப்பவர்கள், சந்தேகப்படுகிறவர்கள், அடியோடு மறுப்பவர்கள். இந்தக் கடைசி வகை, வாட்ஸ்அப்பிலும் தொலைக்காட்சியிலும் நாம் நாள்தோறும் பார்க்கும் வகை, மொத்தத்தில் பத்தில் ஒருவர் அளவுதான். சத்தத்தை வைத்துத் தலைகளை எண்ணினால் அவர்கள் பாதி நாடு என்று தோன்றும்.

இன்னொன்றும் உண்டு, கோழியா முட்டையா கதை. கட்சி ஒருவரின் கருத்தை மாற்றுகிறது என்று சொல்கிறோம். ஆனால் கருத்துப் பிடிக்காமல் கட்சியை விட்டுப் போனவர்களும் இருப்பார்களே? காலநிலைக்காகக் கவலைப்படும் ஒருவர் பத்து வருடத்தில் "நான் இப்போது குடியரசுக் கட்சி இல்லை" என்று சொல்லத் தொடங்கினால், எந்த ஒரு மனிதரின் கருத்தும் மாறாமலேயே கட்சியின் சதவீதம் இறங்கும். ஒரே ஆட்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஆய்வாக இல்லாவிட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது.

தேதிகளைப் பக்கத்தில் எழுதி வை

இதுதான் எனக்குப் பிடித்த வேலை, உங்களுக்கும் ஒரு மாலைப்பொழுது போகும். கட்சிவாரிக் கோடு வருடக்கணக்கில் எப்படிப் போயிருக்கிறது என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் அரசியல் தேதிகளை வரிசையாக எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

1988 ஜூன் 23. வாஷிங்டனில் கொளுத்தும் வெயில். நாசாவின் ஜேம்ஸ் ஹான்சன் செனட் குழு முன் உட்கார்ந்து, இந்த வெப்ப உயர்வு இயற்கையின் ஏற்ற இறக்கம் இல்லை என்பதில் 99 சதவீத உறுதி இருக்கிறது என்கிறார். அதே கோடையில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ், மூத்தவர், மேடையில் என்ன பேசினார் தெரியுமா? பசுங்குடில் விளைவின் முன்னால் நாம் கையாலாகாதவர்கள் என்று நினைப்பவர்கள் வெள்ளை மாளிகை விளைவை மறந்துவிடுகிறார்கள் என்றார். கிரீன்ஹவுஸ், வைட் ஹவுஸ் என்ற வார்த்தை விளையாட்டு, ஆனால் வாக்குறுதி. அவர் ஜெயித்தார், 1990இல் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தில் கையெழுத்திட்டார். அமில மழையைக் குறைக்க, மாசு வெளியிடும் உரிமத்தை நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் முறை அதில்தான் வந்தது. 1992இல் ரியோவில் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையிலும் அவரே கையெழுத்திட்டார். அதற்கும் முன்னால் போனால், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை 1970இல் தொடங்கியதே குடியரசுக் கட்சியின் நிக்சன்தான்.

ஆக, சுற்றுச்சூழல் என்றால் ஒவ்வாமை என்பது அந்தக் கட்சியின் பிறவிக்குணம் இல்லை. 1997இல் கேலப், வெப்பமாதலின் விளைவுகள் தொடங்கிவிட்டனவா என்று கேட்டபோது இரண்டு கட்சிக்காரர்களிலும் பாதிக்குப் பாதி, ஏறக்குறைய ஒரே அளவில், ஆம் என்றார்கள். அந்த வருடம் செனட் 95க்கு 0 என்று ஒரு தீர்மானம் போட்டது. வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத, அமெரிக்கப் பொருளாதாரத்தைப் பாதிக்கும் ஒப்பந்தம் வேண்டாம் என்று, வெப்பவாயுக்களைக் குறைக்கும் கியோட்டோ உலக ஒப்பந்தத்துக்கு எதிரான தீர்மானம் அது, ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்தே கை தூக்கினார்கள். எதிர்ப்பிலும் அன்று கட்சி பேதம் இல்லை.

2008இல் அதே கேலப் கேள்விக்கு இடைவெளி 30 புள்ளிகளைத் தாண்டிவிட்டது. நடுவில் என்ன நடந்தது? 2001இல் இளைய புஷ் கியோட்டோவிலிருந்து விலகினார். 2000 தேர்தலில் அவரிடம் தோற்ற அல் கோர் காலநிலையின் முகமாக மாறி, 2007இல் ஐ.நா. காலநிலைக் குழுவோடு நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விஷயத்துக்கு அது நல்லதுதான், ஆனால் எதிர்க்கட்சியின் தோற்ற வேட்பாளர் முகமாக நிற்கும் ஒன்றை மற்ற கட்சிக்காரர் எப்படிப் பார்ப்பார்? நம்மூரில் ஒரு கட்சித் தலைவர் "தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்" என்று பிரசாரம் செய்தால் அடுத்த கட்சியின் தொண்டர் குழாய்த் தண்ணீரை அப்படியே குடித்துக் காட்டுவார், அந்தக் கதைதான்.

ஆனாலும் 2008இல்கூடக் கதவு மூடவில்லை. அந்த வருடக் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன், உரிமம் வாங்கி விற்கும் முறையைக் காலநிலைக்கும் கொண்டுவர வேண்டும் என்றவர். 2003இலேயே ஜனநாயகக் கட்சி செனட்டர் லீபர்மேனோடு சேர்ந்து அதற்கு மசோதா கொண்டுவந்து தோற்றவர். குடியரசுக் கட்சியின் முன்னாள் சபாநாயகர் நியூட் கிங்ரிச்சும் ஜனநாயகக் கட்சியின் அன்றைய சபாநாயகர் நான்சி பெலோசியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, எங்களுக்கு எதிலும் ஒத்துப்போகாது, இதில் மட்டும் ஒத்துப்போகிறது என்று விளம்பரம் செய்தது அந்த வருடம்தான். கிங்ரிச் பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டதும் ஊரறிந்தது.

2009 ஜூனில், அதே உரிம முறையைக் காலநிலைக்குக் கொண்டுவரும் வாக்ஸ்மன்–மார்க்கி மசோதா பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212 என்று தப்பிப் பிழைத்தது. ஆதரித்த குடியரசுக் கட்சியினர் எட்டே பேர். செனட்டில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2010இல் தென் கரோலினாவின் பாப் இங்லிஸ், அசல் பழமைவாதி, அந்த மசோதாவை எதிர்த்தும் வாக்களித்தவர், ஆனால் காலநிலை மாற்றம் உண்மை, கார்பனுக்கு வரி போடலாம் என்று சொன்ன பாவத்துக்கு உட்கட்சித் தேர்தலில் ஏறக்குறைய 70–30 என்று மண்ணைக் கவ்வினார். தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன, வங்கி மீட்பு நிதிக்கு வாக்களித்த கோபமும் சேர்ந்துகொண்டது. ஆனால் மற்ற குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்றுதான்: வாயைத் திறக்காதே.

இந்தத் தேதிகளைக் கோட்டின் மேல் பொருத்திப் பாருங்கள். வெயில் கூடிய வருடத்தில் கோடு ஏறி, குளிரான வருடத்தில் இறங்கியது என்று பெரிதாக எதுவும் அகப்படாது. தலைவர்கள் பிரிந்தபோது தொண்டர்கள் பிரிந்தார்கள் என்பதுதான் அகப்படும். சாதாரண மனிதருக்குக் கரியமில வாயுவைப் பற்றி உட்கார்ந்து படிக்க நேரம் ஏது? தான் நம்பும் ஆள் என்ன சொல்கிறார் என்று பார்ப்பார். நாமும் பெரும்பாலான விஷயங்களில் அப்படித்தான். எந்த மருத்துவரிடம் போவது என்பதையே மைத்துனரைக் கேட்டு முடிவுசெய்கிற சனம் நாம். 2015இல் குடியரசுக் கட்சி செனட்டர் ஜிம் இன்ஹோஃப் செனட் அவைக்குள் ஒரு பனி உருண்டையைக் கொண்டுவந்து, பார் வெளியே எவ்வளவு குளிர் என்று வீசியதை அறிவியல் வாதமாக எடுத்து யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம். நம் ஆட்களே, நாம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்று கொடி காட்டினார், அவ்வளவுதான். வெப்ப உயர்வைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தமும் இப்போது அப்படி ஒரு கொடி ஆகிவிட்டது. ஒபாமா சேர்ந்தார், டிரம்ப் விலகினார், 2021இல் பைடன் திரும்பச் சேர்ந்தார், 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே டிரம்ப் மறுபடி விலக உத்தரவிட்டார்.

படிக்காதவர்கள் என்று முடிவு கட்டாதே

அத்தானின் கோபம் இங்கே நியாயமானது. படிப்புக் கூடினால் எல்லோரும் ஒத்துப்போய்விடுவார்கள் என்ற நம்பிக்கை அழகானது, தரவு அதை ஆதரிக்கவில்லை. லாரன்ஸ் ஹாமில்டன் போன்ற ஆய்வாளர்கள் கல்வியையும் கட்சியையும் சேர்த்துப் பார்த்தபோது, ஜனநாயகக் கட்சியினரிடம் படிப்போடு கவலையும் ஏறியது, குடியரசுக் கட்சியினரிடம் ஏறவில்லை, சில இடங்களில் இறங்கக்கூடச் செய்தது. 2012இல் டான் கஹன் குழுவும் கட்சிக்குப் பதில் உலகப்பார்வையை அளந்து அதையே கண்டது: அறிவியல், கணக்கு இரண்டிலும் கெட்டிக்காரர்களிடம்தான் இரு தரப்புக்கும் தூரம் அதிகம். கெட்டிக்காரர் தன் பக்கத்துக்கு வக்கீல் வேலையை நன்றாகப் பார்ப்பார், அவ்வளவே.

அதே கஹன் பின்னால் ஒரு குறும்பு செய்தார். "மனிதனால் பூமி சூடாகிறதா" என்று கேட்காமல், "காலநிலை விஞ்ஞானிகள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்" என்ற ரீதியில் கேள்விகளை அமைத்தார். கட்சி இடைவெளி பெருமளவு காணாமல் போனது. விஞ்ஞானிகள் என்ன சொல்கிறார்கள் என்பது இரு தரப்புக்கும் ஒரே அளவுக்குத் தெரிந்திருந்தது, ஒரே அளவுக்குத் தெரியாமலும் இருந்தது. முதல் கேள்வி "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்பதுபோல் இருந்தாலும் காதில் விழுவது "நீ யார் வீட்டுப் பிள்ளை" என்றுதான். கருத்துக்கணிப்பில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மருந்தைப் பார்த்துத்தான் நோயை நம்புவார்கள்

ட்யூக் பல்கலைக்கழகத்தின் கேம்பெல், கே இருவரும் 2014இல் செய்த ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இந்த நூற்றாண்டில் வெப்பநிலை உயரும் என்ற அறிவியல் கூற்றை எல்லோருக்கும் கொடுத்தார்கள், கூடவே ஒரு தீர்வையும் படிக்கச் சொன்னார்கள். தீர்வு கார்பன் வரி, அரசுக் கட்டுப்பாடு என்றபோது குடியரசுக் கட்சியினரில் 22 சதவீதம் பேர்தான் அந்த உயர்வை ஒப்புக்கொண்டார்கள். தீர்வு தாராளச் சந்தை, புதுத் தொழில்நுட்பம் என்றபோது 55 சதவீதம். நோய் அதே நோய், மருந்துச் சீட்டு மட்டும்தான் வேறு. வீட்டில் சர்க்கரை நோய் வந்தவரிடம் "சோற்றை நிறுத்த வேண்டும்" என்று சொன்னதும் "அந்த லேப் ரிப்போர்ட்டே தப்பு" என்று தொடங்குவாரே, அதே மனசு. ஜனநாயகக் கட்சியினரிடம் இந்த விஷயத்தில் அந்தத் தாவல் இல்லை என்பதற்காக அவர்களைத் தூக்கிக் கொண்டாட வேண்டாம். அவர்களுக்குக் கசக்கும் தீர்வோடு வேறொரு பிரச்சினையைக் கொடுத்தால் அவர்களும் அதையே செய்வார்கள், அதே ஆய்வில் குற்றம், துப்பாக்கி பற்றிய பகுதியில் அது தெரிந்தது.

ஆகவே ஒரு கணிப்பைப் படிக்கும்போது, கேள்விக்கு முன்னாலோ பின்னாலோ வரி, தடை, அரசு என்ற சொற்கள் தொங்குகின்றனவா என்று பாருங்கள். கணிப்பில் சொல்வதையும் கையால் செய்வதையும் தனித்தனியாகப் பாருங்கள். காற்றாலை மின்சாரத்தில் அமெரிக்காவில் முதலிடம் டெக்சாஸ். சிவப்பு மாநிலம், எண்ணெய் மாநிலம். அங்கே புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு இலக்கு வைத்த சட்டம் 1999இல் வந்தது, கையெழுத்திட்ட ஆளுநர் யார் என்றால் இளைய புஷ். அயோவாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. காற்றாலை வரிச்சலுகைக்குத் தந்தை நான்தான் என்று மார்தட்டும் சக் கிராஸ்லி அந்த ஊர்க் குடியரசுக் கட்சி செனட்டர். குத்தகைப் பணம் வரும் விவசாயி காற்றாலையைக் காலநிலை என்ற பெயரில் வரவேற்பதில்லை, வருமானம் என்ற பெயரில் வரவேற்கிறார்.

ஆனால் அதே டெக்சாஸில் 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் மின்சாரம் போய் மக்கள் குளிரில் செத்தபோது, மாநிலத் தலைவர்களில் சிலர் உறைந்த காற்றாலைகளைக் கைகாட்டினார்கள். உண்மையில் நின்றுபோனதில் பெரும்பங்கு இயற்கை எரிவாயு. அத்தானுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை, காரில் உட்கார்ந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றினார். எரிவாயுக் குழாய் உறைந்ததை அந்தத் தொழிலில் இருப்பவராக அவருக்கு நன்றாகவே தெரியும், அப்படியும் குழுவில் அன்று அவர் பகிர்ந்தது காற்றாலைப் படம்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாள் குளிரில் கிடந்தவரிடம் புள்ளிவிவரம் பேசுவது அழகில்லை.

2022இன் பணவீக்கக் குறைப்புச் சட்டத்துக்கும் இதே கதை. பெயரில் காலநிலை இல்லை, உள்ளே இருந்தது பெரும்பகுதி அதுதான், ஒரு குடியரசுக் கட்சி வாக்குகூட விழவில்லை. அதன் எரிசக்தி வரிச்சலுகைகளால் வந்த தொழிற்சாலைகள் பெருமளவில் போய் இறங்கியது குடியரசுக் கட்சித் தொகுதிகளில். 2024 ஆகஸ்டில் அந்தக் கட்சியின் பிரதிநிதிகள் 18 பேர், எரிசக்தி வரிச்சலுகைகளை மொத்தமாக ஒழித்துவிடாதீர்கள் என்று தங்கள் சபாநாயகருக்கே கடிதம் எழுதினார்கள். மறு வருடம் ஜூலையில் காற்று, சூரிய மின்சாரச் சலுகைகளை வெட்டும் சட்டம் வந்தபோது அந்தக் கடிதக்காரர்களில் பெரும்பாலோர் அதற்கே வாக்களித்தார்கள். தொகுதியில் தொழிற்சாலை ஒரு பக்கம் இழுக்க, கட்சி இன்னொரு பக்கம் இழுத்தால் யார் ஜெயிப்பார் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

இல்லாத இடைவெளியும் உண்டு

2022இல் வந்த ஓர் ஆய்வில் அமெரிக்கர்களிடம், இந்த இந்தக் காலநிலைக் கொள்கைகளை நாட்டில் எத்தனை பேர் ஆதரிப்பார்கள் என்று ஊகிக்கச் சொன்னார்கள். 37 முதல் 43 சதவீதம் என்றார்கள். உண்மையில் ஆதரித்தவர்கள் 66 முதல் 80 சதவீதம். இரண்டு கட்சிக்காரர்களும் இப்படிக் குறைத்தே ஊகித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று இவர் வாயை மூடிக்கொள்கிறார், இவர் பேசாததால் பக்கத்து வீட்டுக்காரரும் அதையே நினைக்கிறார். யேல் கணிப்புகளில் வருடா வருடம் மூன்றில் இரண்டு பேர் அளவுக்கு, இதைப் பற்றி வீட்டிலோ நண்பர்களிடமோ பேசுவது அரிது, பேசுவதே இல்லை என்கிறார்கள். அந்த நீலம் சிவப்புப் படம் இந்த மௌனத்துக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றுகிறது. அதனால்தான் அதைப் பகிர்வதற்கு முன் ஒரு தடவை யோசிக்கச் சொல்கிறேன்.

படத்தை மற்ற நாடுகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். மேத்யூ ஹோர்ன்ஸி குழு 2018இல் அமெரிக்காவோடு இன்னும் 24 நாடுகளை ஒப்பிட்டபோது, அரசியல் சாய்வுக்கும் காலநிலைச் சந்தேகத்துக்கும் உள்ள தொடர்பு அமெரிக்காவில்தான் மிக வலுவாக இருந்தது. பிரிட்டனில் 1988இலேயே இதை எச்சரித்துப் பேசிய பெரிய தலைவர் பழமைவாதக் கட்சியின் மார்கரெட் தாட்சர், படித்தது வேதியியல். ஆஸ்திரேலியா அமெரிக்காவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். அங்கே ஒரு அரசு கார்பனுக்கு விலை வைக்க, அடுத்த அரசு 2014இல் அதை எடுத்தது.

அத்தானிடம் பேசுவது எப்படி

கடைசியாக நடைமுறை. படத்தைக் காட்டாதீர்கள், அது அவருக்கு முகத்தில் அடிப்பது மாதிரி. "நம்புகிறீர்களா" என்றும் கேட்காதீர்கள், அது மதம் கேட்பதுபோல் இருக்கும். அவர் மதிக்கும் வாயிலிருந்து வந்தால் கேட்பார்: டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஹேஹோ ஆழ்ந்த கிறிஸ்தவர், காலநிலை விஞ்ஞானி. மேலே சொன்ன தோற்றுப்போன பாப் இங்லிஸும் இப்போது பழமைவாதிகளிடம் இதையே பேசித் திரிகிறார். இவர்களை வைத்து மிசூரியிலும் ஜார்ஜியாவிலும் இரண்டு தொகுதிகளில் விளம்பரம் ஓட்டிப் பார்த்தார்கள், அங்கிருந்த குடியரசுக் கட்சியினரின் புரிதல் சில புள்ளிகள் நகர்ந்தது என்று 2021இல் வெளியான ஆய்வு சொன்னது. சில புள்ளிகள்தான், அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை.

நான் போன கோடையில் செய்தது இதுதான். அக்கா வீட்டுக்குப் போன் போட்டபோது, வீட்டுக் காப்பீட்டுக்கு இந்த வருடம் எவ்வளவு கட்டினீர்கள் அத்தான் என்று கேட்டேன். ஹூஸ்டனில் 2017இல் ஹார்வி புயல் வந்ததிலிருந்து அவருக்கு அது தீராத புலம்பல். இருபது நிமிடம் பேசினார். கம்பெனிக்காரன் கொள்ளை, ஊராட்சி வடிகால் சரியில்லை, பக்கத்துத் தெருவில் மூன்று தடவை தண்ணீர் வந்த வீட்டை எவனும் வாங்கவில்லை என்று எல்லாம் வந்தது. காலநிலை என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை. கடைசியில் அவரே, "மழை முன்ன மாதிரி இல்லடா, கொட்டுச்சுன்னா ஒரேயடியா கொட்டுது" என்றார். சரி அத்தான் என்றேன். ஒரு நொடி கழித்து, "அதுக்காக அவ போடற படத்தை நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார்.